லாரியில் புகை சுத்திகரிப்பு விளக்கு எரிந்தால்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரின் விளக்கு எரிந்ததும் அதைக் கழற்றுவார்கள். நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள்) பற்றிய பிழைக் குறியீடு வந்ததும் நாக்ஸ் சென்சாரை மாற்றுவார்கள். கனரக டீசல் லாரிகளில் பணம் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான். விளக்கு காட்டுவது அடிபட்ட பாகத்தை. அடித்த பாகம் பல வேளைகளில் அதற்கு முன்னால், எஞ்சின் பக்கத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் போட்ட புதுப் பாகம் சில வாரங்களில் பழையதைப் போலவே ஆகிவிடும்.

புகை போகும் வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். டர்போவைத் தாண்டியதும் டிஓசி என்னும் வினையூக்கி. அடுத்து கரியைப் பிடிக்கும் டிபிஎஃப். பிறகு டிஇஎஃப் என்னும் யூரியாக் கரைசல் தெளிக்கப்படும் கலவைக் குழாய். அதன்பின் நாக்ஸைக் குறைக்கும் எஸ்சிஆர். சில லாரிகளில் இவை எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடைந்திருக்கும். வரிசை பெரும்பாலும் இதுவே.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்யவேண்டியவை

குறியீடுகளை அழிக்கும் முன் எழுதி வையுங்கள். கனரக வாகனங்களில் ஒவ்வொரு பிழைக்கும் இரண்டு எண்கள் வரும்: எஸ்பிஎன் எந்தப் பாகம் அல்லது அளவீடு என்று சொல்லும், எஃப்எம்ஐ அதில் என்ன கோளாறு என்று சொல்லும். பலர் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். வழியைப் பிரித்துக் காட்டுவது இரண்டாவது எண்தான். எஃப்எம்ஐ 3, 4, 5 என்றால் மின்சுற்றுக் கோளாறு. ஒயர், கனெக்டர், ஃபியூஸ் இவற்றைப் பார்க்காமல் பாகத்தைத் தொடக்கூடாது. 0, 1, 16, 18 என்றால் சென்சார் வேலை செய்கிறது, ஆனால் அளவு எல்லை தாண்டியிருக்கிறது. அங்கே சென்சாரைச் சந்தேகிக்கும் முன் அது சொல்வது உண்மையா என்று பாருங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல சென்சார்கள் ஒரே நேரத்தில் பிழை காட்டினால் பொதுவான ஃபியூஸ், ரிலே, எர்த் இணைப்பு, பலவீனமான பேட்டரி என்ற வரிசையில் போங்கள்.

அடுத்து, டார்ச் விளக்குடன் லாரியின் அடியில் ஒரு சுற்று. கிளாம்ப் இணைப்புகளில் கருப்புக் கரிக்கோடு தெரிந்தால் அங்கே புகை கசிகிறது. டிஇஎஃப் குழாய் இணைப்பில் வெள்ளைப் படிவு தெரிந்தால் அங்கே திரவம் கசிகிறது. சூட்டில் உருகிய ஒயர், உரசித் தோல் போன ஒயர் இரண்டும் இந்தப் பகுதியில் சகஜம்.

மூன்றாவது சோதனைக்குச் செலவே இல்லை. ஆனால் இரவு முழுவதும் நின்ற லாரியில், எஞ்சினைக் கிளப்பும் முன் செய்யவேண்டும். சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரில் புகைக் குழாயின் வெப்ப சென்சார்கள் அனைத்தையும் பாருங்கள். எல்லாம் வெளி வெப்பநிலைக்குப் பக்கத்தில், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் 30, 40 டிகிரி விலகி நின்றால் அந்த சென்சாரோ அதன் ஒயரோதான் குற்றவாளி. அதே நேரத்தில் டிபிஎஃப்பின் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள அழுத்த வேறுபாடு பூஜ்யமாக இருக்கவேண்டும். எஞ்சினே ஓடாதபோது அழுத்தம் காட்டும் சென்சாரை நம்பி ஃபில்டரைக் கழற்றுவதில் பொருளில்லை.

## அறிகுறி: டிபிஎஃப் விளக்கு எரிகிறது அல்லது மினுக்குகிறது

நிலையாக எரிந்தால் கரி சேர்ந்திருக்கிறது என்று பொருள். மினுக்கினால் அடுத்த கட்டம். எஞ்சின் விளக்கும் சேர்ந்தால் இழுவை குறையத் தொடங்கும். சிவப்பு நிறுத்த விளக்கும் எரிந்தால் அந்த நிலையில் நீங்களாக ரீஜெனரேஷன் (சேர்ந்த கரியை உயர்சூட்டில் எரித்தல்) போடாதீர்கள். அளவுக்கு மீறிச் சேர்ந்த கரி கட்டுப்பாடின்றிப் பற்றினால் உள்ளேயுள்ள பீங்கான் கல் வெடிக்கும் அல்லது உருகும்.

எளிய காரணம் ஓட்டும் விதம். குறுந்தூர ஓட்டமும், லாரி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும் நீண்ட நேர வெற்று ஓட்டமும் புகையைச் சூடாக விடுவதில்லை. விளக்கு நிலையாக மட்டும் எரிந்தால், பாரத்துடன் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கிளம்பும் முன், ரீஜெனரேஷனைத் தடுக்கும் சுவிட்சை யாராவது போட்டு வைத்திருக்கிறார்களா என்று டேஷ்போர்டைப் பாருங்கள். வண்டி கழுவியபோதோ கேபினைத் துடைத்தபோதோ கைபட்டுப்போன அந்தச் சுவிட்ச் அடிக்கடி கிடைக்கும் காரணம்.

### நிறுத்தி வைத்துச் செய்யும் ரீஜெனரேஷன் தொடங்கவே இல்லை

கைப் பிரேக் போட்டிருக்கவேண்டும், கியர் நியூட்ரலில் இருக்கவேண்டும், எந்தப் பெடலிலும் கால் இருக்கக்கூடாது, பிடிஓ (எஞ்சின் சக்தியை வெளிக் கருவிக்குத் தரும் அமைப்பு) அணைந்திருக்கவேண்டும், எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வந்திருக்கவேண்டும். சில தயாரிப்புகளில் கிளட்சை ஒருமுறை மிதித்து விட்டால்தான் கட்டளை ஏற்கப்படும். இவை சரியாக இருந்தும் தொடங்கவில்லையென்றால் வேறொரு பிழை தடுக்கிறது. ஸ்கேனரில் தடைக்கான காரணம் தனி வரியாகவே வரும். அந்தப் பிழையை முதலில் முடியுங்கள்.

இடத்தையும் பாருங்கள். உலர்ந்த புல், வைக்கோல், பிளாஸ்டிக், தாழ்ந்த கூரை எதுவும் புகைக் குழாய் முனைக்கு அருகில் இருக்கக்கூடாது. கட்டடத்துக்குள் செய்யக்கூடாது. முடியும்வரை ஒருவர் பக்கத்திலேயே நிற்கவேண்டும்.

### தொடங்குகிறது, பாதியில் நின்றுவிடுகிறது

இங்கே இரண்டு வெப்ப அளவுகள் எல்லாவற்றையும் சொல்லிவிடும்: டிஓசி நுழைவாய், டிஓசி வெளிவாய். நுழைவாய் ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வந்தபின்தான் கணினி டீசலைத் தெளிக்கும். அது டிஓசியில் எரிந்து வெளிவாய் 550 முதல் 600 டிகிரி வரை ஏறவேண்டும்.

நுழைவாயே சூடாகவில்லையென்றால் கோளாறு எஞ்சினில். இன்டேக் த்ராட்டில் மூடுகிறதா, டர்போ ஆக்சுவேட்டர் அசைகிறதா, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்குத் திருப்பும் ஈஜிஆர் வால்வு சிக்கியிருக்கிறதா, தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்று எஞ்சினைக் குளிர்ச்சியாக வைக்கிறதா, டர்போவுக்கும் டிஓசிக்கும் நடுவே புகை கசிகிறதா என்று பாருங்கள்.

நுழைவாய் சூடாகி, வெளிவாய் ஏறவில்லையென்றால் புகைக் குழாயின் முனையைப் பாருங்கள். கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் வந்து சேர்கிறது, டிஓசி அதை எரிக்கவில்லை: அதன் முகம் கரியால் அடைந்திருக்கிறது, அல்லது வினையூக்கி செத்துவிட்டது. புகையும் இல்லை, சூடும் இல்லையென்றால் டீசலே வரவில்லை: தெளிப்பு முனை அடைந்திருக்கிறது, அல்லது அதற்கு டீசல் தரும் வால்வு திறக்கவில்லை. முனையைச் சுத்தம் செய்வது சிறிய வேலை, டிஓசி பெரிய செலவு. இந்த ஒரு பார்வை இரண்டையும் பிரித்துவிடுகிறது.

வெளிவாய் வெப்பம் கட்டளைக்கு மீறி விர்ரென்று ஏறினால் உடனே நிறுத்துங்கள். ஒழுகும் இன்ஜெக்டரோ, டர்போ சீல் வழியாக வரும் எண்ணெயோ உள்ளே எரிகிறது.

### முழுமையாக முடிகிறது, சில நாளில் விளக்கு திரும்புகிறது

முதலில் அழுத்த வேறுபாட்டு சென்சாரின் இரண்டு மெல்லிய குழாய்கள். வெடிப்பு, மடிப்பு, உள்ளே கரி அடைப்பு, தண்ணீர் தேங்கல், இடம் மாற்றி மாட்டியது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காலியான ஃபில்டர் நிறைந்ததாகத் தெரியும், நிறைந்தது காலியாகத் தெரியும்.

குழாய்கள் சரியென்றால் எஞ்சின் அதிகக் கரி தள்ளுகிறது. ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். பிறகு டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்கு வரும் ஹோஸ்கள். சிறு வெடிப்பிலும் காற்று குறைந்து கரி பெருகும். அடுத்து ஈஜிஆர் வால்வு, இன்ஜெக்டர்கள், டர்போ. எஞ்சின் எண்ணெயோ கூலண்டோ காரணம் தெரியாமல் குறைந்துகொண்டே வந்தால் நேராக டர்போ சீலுக்கும் ஈஜிஆர் கூலருக்கும் போங்கள். கூலண்ட் புகைக்குள் கலந்தால் டிஓசி முகத்தில் வெண்மையான படிவு தெரியும். இந்த நிலையில் எத்தனை முறை டிபிஎஃப் சுத்தம் செய்தாலும் நிற்காது.

கடைசியாகச் சாம்பல். கரி எரியும், சாம்பல் எரியாது. எஞ்சின் எண்ணெயில் உள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்து மிஞ்சுவது அது. வெற்றிகரமாக முடிந்த ரீஜெனரேஷனுக்குப் பிறகும் அழுத்த வேறுபாடு இறங்கவில்லையென்றால், அல்லது சாம்பல் அளவைக் குறிக்கும் எஸ்பிஎன் 3720 வந்தால், ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் காலம் வந்துவிட்டது. அதற்குரிய இயந்திரம் உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். சூளையில் சூடாக்கி, எதிர்த்திசையில் காற்றுச் செலுத்தி, முன்னும் பின்னும் எடை பார்த்துத் தருவார்கள். பட்டறை வாசலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதை நான் ஏற்பதில்லை. சாம்பல் சேறாகிக் குழிகளின் அடியில் இறுகிவிடும். வெறும் காற்றுக் குழாயால் ஊதுவதும் தவறு; பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. எந்த எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்றும் கேளுங்கள். ஏபிஐ சிகே-4, ஏசிஇஏ இ6 போன்ற தரங்களில் சல்பேட் சாம்பல் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பழைய வகை எண்ணெய் ஊற்றினால் சாம்பல் சீக்கிரமே நிறையும்.

## அறிகுறி: டிஇஎஃப் தரம் சரியில்லை என்கிறது

எஸ்பிஎன் 3364 வரும். கையடக்க ஒளிவிலகல் மானியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். யூரியா 32.5 சதவீதம் இருக்கவேண்டும். ஐஎஸ்ஓ 22241 தரநிலை ஏற்கும் எல்லை 31.8 முதல் 33.2 வரை. குறைந்தால் யாரோ தண்ணீர் கலந்திருக்கிறார்கள். கூடினால் நீர் ஆவியாகியிருக்கிறது. இரண்டிலும் டேங்கைக் காலி செய்து, காய்ச்சி வடித்த நீரால் அலசி, புதிதாக நிரப்பவேண்டும். குழாய் நீரால் அலசாதீர்கள். அதன் உப்புகள் தெளிப்பு முனையையும் வினையூக்கியையும் கெடுக்கும். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றுவதும் அப்படித்தான். எண் சரியாக வந்தாலும் அதில் உள்ள அழுக்கை ஒளிவிலகல் மானி காட்டாது.

வைத்திருந்த காலமும் முக்கியம். 25 டிகிரிக்குள் வைத்தால் 18 மாதம், 30 டிகிரியில் 12 மாதம், 35 டிகிரியில் வெறும் 6 மாதம். தகரக் கூரையின் கீழ் கோடை முழுவதும் கிடந்த கேனைச் சந்தேகியுங்கள்.

திரவம் சரியாக இருந்தும் குறியீடு போகவில்லையென்றால், டேங்குக்குள் உள்ள சென்சாரின் கனெக்டரைப் பாருங்கள். எல்லா லாரியிலும் தர சென்சார் இருப்பதில்லை. சிலவற்றில் நாக்ஸ் குறையும் அளவை வைத்துக் கணினியே தரத்தைக் கணக்கிடும். அப்படியானால் கோளாறு தெளிப்பிலோ நாக்ஸ் சென்சாரிலோ இருக்கலாம். கீழே உள்ள பகுதிகளுக்குப் போங்கள்.

திரவம் மைனஸ் 11 டிகிரியில் உறையும். குளிர் பிரதேசத்தில் காலையில் தெளிப்பு தாமதமானால் அது பழுதல்ல. எஞ்சின் கூலண்டே டேங்கைச் சூடாக்கி உருக்கும். ஆனால் அந்தக் கூலண்ட் வால்வு திறந்தபடியே சிக்கினால், வெயில் காலத்திலும் திரவம் வெந்துகொண்டே இருக்கும். டேங்க் கைவைக்க முடியாத சூட்டில் இருந்தால் அந்த வால்வைப் பாருங்கள்.

டேங்க் மாற்றி ஊற்றிவிட்டால்: டீசல் டேங்கில் டிஇஎஃப் போனாலும், டிஇஎஃப் டேங்கில் டீசல் போனாலும் சாவியையே திருப்பாதீர்கள். முதலாவதில் உயர் அழுத்த பம்பும் இன்ஜெக்டர்களும் போகும். இரண்டாவதில் பம்பின் ரப்பர் பாகங்கள் ஊதிப்போகும், கொஞ்சம் டீசல் போதும். இழுத்துச் செல்லும் செலவு இதனுடன் ஒப்பிட்டால் சிறியது.

## அறிகுறி: டிஇஎஃப் குறையவே இல்லை, அழுத்தக் குறியீடு வருகிறது

டீசல் செலவில் சுமார் 3 முதல் 6 சதவீதம் டிஇஎஃப் செலவாவது வழக்கம். ஓட்டுநர் பல முறை டீசல் நிரப்பியும் டிஇஎஃப் முள் அசையவில்லையென்றால் தெளிப்பு நடக்கவில்லை. எஸ்பிஎன் 4334 பெரும்பாலும் உடன்வரும்.

முதலில் மூடியின் காற்றுத் துளை. அது அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பம்ப் இழுக்கத் திணறும். பிறகு டேங்கின் சல்லடை, பம்பின் ஃபில்டர், மடிந்த குழாய், குழாயைச் சூடாக்கும் கம்பியின் இணைப்பு. இவற்றுக்குப் பின் பம்ப் அழுத்தத்தை அளந்து கையேட்டுடன் ஒப்பிடுங்கள். பல அமைப்புகளில் 9 பார் அளவில் இருக்கும்.

இந்தப் பகுதியில் நான் திரும்பத் திரும்பக் காணும் காரணம் பாகத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. எஞ்சினை அணைத்ததும் பம்ப் சில நிமிடங்கள் ஓடி, குழாயில் உள்ள திரவத்தை டேங்குக்குத் திருப்பும். அந்தச் சத்தம் நிற்கும் முன் பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்தால் திரவம் குழாயிலும் முனையிலும் தங்கி, காய்ந்து கல்லாகும். புதுப் பம்ப் போட்டும் பழுது திரும்பும் லாரிகளில் ஓட்டுநரிடம் இதைக் கேளுங்கள். அந்தச் சத்தம் நின்ற பிறகு சுவிட்சை அணைத்தால் போதும்.

காய்ந்த வெள்ளைப் படிவு வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் கரையும். ஊறவிடுங்கள். கம்பியும் ஸ்குரூ டிரைவரும் முனையின் துளையைக் கெடுத்துவிடும். முனையைக் கழற்றியபின் ஸ்கேனர் வழியாகத் தெளிப்புச் சோதனை போட்டு, அளவு ஜாடியில் பிடியுங்கள். கையேடு சொல்லும் அளவு வராவிட்டாலோ, மெல்லிய தூறலாக வராமல் தாரையாக ஒழுகினாலோ முனையை மாற்றுங்கள். மாட்டும்போது கேஸ்கெட்டும் கிளாம்பும் புதிதாக இருக்கவேண்டும்.

கலவைக் குழாய்க்குள் பெரிய கட்டி கண்ணில் பட்டால், அது புகையின் வழியையே அடைத்திருக்கும். சிறியதை நீண்ட நேர உயர்சூட்டு ரீஜெனரேஷன் கரைக்கும். குழாயின் பாதியை அடைத்ததைக் கழற்றித்தான் எடுக்கவேண்டும். நீண்ட வெற்று ஓட்டம், ஒழுகும் முனை இரண்டும் இதை வளர்க்கின்றன.

## அறிகுறி: நாக்ஸ் குறியீடு, எஸ்சிஆர் திறன் குறைவு

எஸ்பிஎன் 3216 நுழைவாய் நாக்ஸ், 3226 வெளிவாய் நாக்ஸ், 4364 எஸ்சிஆர் திறன். 4364 வந்தால் வரிசை இது: டிஇஎஃப் தரம், தெளிப்பு அளவு, புகைக் கசிவு, நாக்ஸ் சென்சார்கள், எல்லாம் முடிந்தபின் எஸ்சிஆர். இந்தப் பட்டியலில் கடைசியில் இருப்பதே விலையில் முதலில் இருக்கிறது.

குளிர்ந்த எஞ்சினில் நாக்ஸ் சென்சார் எண் காட்டாவிட்டால் பயப்படவேண்டாம். ஈரம் பட்டால் அதன் பீங்கான் வெடிக்கும் என்பதால் புகைக் குழாய் காயும்வரை கணினி அதை எழுப்பாது. சூடானபின், இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் விட்டுப் பாருங்கள். எரிபொருள் நின்றதும் நுழைவாய், வெளிவாய் எண்கள் இரண்டும் பூஜ்யத்தை நெருங்கவேண்டும். அடுத்து, ஸ்கேனர் வழியாகத் தெளிப்பை நிறுத்தி, டிஇஎஃப்பிலிருந்து உண்டாகி எஸ்சிஆரில் தங்கிய அமோனியா தீரும்வரை ஓடவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டவேண்டும். அப்போதும் பெரிய வேறுபாடு நின்றால் சென்சாரை மாற்றுவதில் நியாயம் உண்டு.

நாக்ஸ் சென்சாருக்கு அமோனியாவும் நாக்ஸாகவே தெரியும். முனை ஒழுகி அதிக டிஇஎஃப் போனாலும் வெளிவாய் எண் ஏறும். புகையில் மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி இருந்தால், தெளிப்பு குறைவு என்று எண்ணித் திரவத்தை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், தெளிப்பு கூடியிருக்கிறது. சென்சாரும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ஒன்றாக அளவு பொருத்தப்பட்டவை. நடுவில் ஒயரை வெட்டி ஒட்டினால் எண் தவறும்.

கந்தகம் மிகுந்த டீசல் ஓடியிருந்தால் எஸ்சிஆர் மந்தமாகும். புதியது வாங்கும் முன் உயர்சூட்டில் கந்தகத்தை எரித்து விரட்டும் நடைமுறையைச் செய்து பாருங்கள். பல வேளைகளில் திறன் மீளும்.

## அறிகுறி: இழுவை குறைந்துவிட்டது, வேகம் ஏறவில்லை

இது புதுப் பழுதல்ல. கவனிக்காத பழைய பிழைக்குக் கணினி தரும் தண்டனை. ஐரோப்பாவின் யூரோ 6 புகை விதிகளில் முதல் கட்டம் டார்க்கில் (சுழற்று விசையில்) 25 சதவீதக் குறைப்பு, கடைசிக் கட்டம் மணிக்கு 20 கிலோமீட்டர் வேக வரம்பு. கடைசிக் கட்டம் பெரும்பாலும் எஞ்சினை அணைத்துக் கிளப்பியபோதோ, டீசல் நிரப்பியபோதோ தொடங்கும். எச்சரிக்கை எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால், பாதுகாப்பான இடம் சேரும்வரை எஞ்சினை அணைக்காதீர்கள். பழுதைச் சரிசெய்தபின் குறியீட்டை அழித்தால் மட்டும் பல லாரிகளில் வேகம் திரும்பாது. எஞ்சின் சூடாகி, கணினி தன் சோதனையை முடித்து, திருப்தி அடையவேண்டும். விளக்கை ஏமாற்றும் மின்னணுப் பெட்டிகளை மாட்டாதீர்கள். பல நாடுகளில் சட்டவிரோதம் என்பது ஒருபுறம். அடுத்த பழுது வரும்போது அதைக் கண்டுபிடிக்க எந்த அளவீடும் மிச்சமிருக்காது.

## அறிகுறி: புகைக் குழாய் முனையில் கரி

டிபிஎஃப் நலமாக இருந்தால் முனையின் உட்புறத்தில் விரலை வைத்துத் துடைத்தாலும் கருப்பு ஒட்டாது. ஒட்டினால் கல் வெடித்திருக்கிறது. சுத்தம் செய்து பயனில்லை, மாற்றவேண்டும். வெடித்ததற்கான காரணத்தை மேலே உள்ள பகுதிகளில் தேடிய பிறகு மாற்றுங்கள்.

## அறிகுறி: டிப்ஸ்டிக்கில் எண்ணெய் ஏறுகிறது

எண்ணெய் அளவு தானாகக் கூடினால், டீசல் நெடியும் வந்தால், எஞ்சினை ஓட்டாதீர்கள். சிலிண்டருக்குள்ளேயே கூடுதல் டீசல் தெளித்துச் சூடேற்றும் எஞ்சின்களில், பாதியில் நின்ற ரீஜெனரேஷன் ஒவ்வொன்றும் கொஞ்சம் டீசலை எண்ணெயில் இறக்கும். எண்ணெயை மாற்றி, ரீஜெனரேஷன் ஏன் முடியவில்லை என்று பாருங்கள். இன்ஜெக்டர் ஒழுக்கும் இதே அறிகுறியைத் தரும். பேரிங் போனபின் தெரிவதைவிட இப்போது தெரிவது நல்லது.

## எப்போது நிபுணரை அழைப்பது

சிவப்பு விளக்கு எரியும்போது. டேங்க் மாற்றி ஊற்றியபோது. வெளிவாய் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும்போது. எண்ணெயில் டீசல் கலந்தபோது. கணினி மென்பொருளைப் புதுப்பிக்கவேண்டியபோது. டிஓசி அல்லது எஸ்சிஆர் மாற்றம் வரை பேச்சு போனபோது. ஒரே குறியீடு இரண்டு முறை சரிசெய்தும் திரும்பினால் அப்போதும்.

அழைக்கும்போது இவற்றைக் கையில் வைத்திருங்கள்: எழுதி வைத்த எஸ்பிஎன், எஃப்எம்ஐ எண்கள், அவை வந்த வரிசை, குளிர் நிலை வெப்ப அளவுகள், எஞ்சின் ஓடாதபோதும் ஓடும்போதும் அழுத்த வேறுபாடு, ஒளிவிலகல் மானி எண், கடைசியாக முழுமையாக முடிந்த ரீஜெனரேஷன் எப்போது, எண்ணெய், கூலண்ட், டிஇஎஃப் செலவு, இதுவரை மாற்றிய பாகங்கள். பழைய பாகங்களையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். கழற்றிய முனையில் ஒட்டியிருக்கும் படிவின் நிறமே பல வேளைகளில் காரணத்தைச் சொல்லிவிடும்.